மாடி அறைக்கு ஒரு பூட்டு

ஜூன் 3, செவ்வாய்

கடையை உடைத்துவிட்டார்கள். காலையில் என்னிடம் வேலை பார்க்கிற பிலோமினா திறக்க வந்தபோது ஷட்டரின் இடது பூட்டு சாக்கடை ஓரம் கிடந்திருக்கிறது. வலது பூட்டை அவர்கள் தொடவே இல்லை. ஒரு பக்கம் நெம்பினாலே ஒரு ஆள் நுழையலாம் என்பது இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

கீழே இருப்பது ஃபேன்சி கடை. வளையல், கிளிப், பொட்டு, ரிப்பன். அதில் ஒரு சாமான்கூடக் கலையவில்லை. வந்தவன் நேராக மாடிக்குப் போயிருக்கிறான். என் உண்மையான வியாபாரம் மாடியில்தான் என்று தெரிந்தவன்.

மாடியில் பெண்களுக்கு விக் செய்கிறேன். இந்தத் தெருவில் அதற்குப் பலகை கிடையாது, வைக்கவும் மாட்டேன். வருகிறவர்கள் கிளிப் வாங்க வருகிற மாதிரி வந்து, பேச்சோடு பேச்சாகப் படியேறிவிடுவார்கள். போகும்போது வளையல் கவரில் போட்டுக் கொடுப்பேன். கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரியாமல் பல வருஷமாக வருகிறவர்கள் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சலில் முடி மொத்தமும் கொட்டிப்போனது. அவளுக்காகத்தான் இந்த வேலையைக் கற்றேன். அப்போது நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூடையில் ஹேர்பின் விற்றுக்கொண்டிருந்தேன். அந்த ஒருத்தி யார் என்பது இங்கே தேவையில்லை.

போனவை: இரண்டு மூட்டை நல்ல முடி, முடித்து வைத்திருந்த எட்டு விக், அளவெடுக்கும் டேப். இது துணிக்கடை டேப் இல்லை, கையில் பிடிக்கிற கம்ப்யூட்டர். முடி போனால் வாங்கிக்கொள்ளலாம். அந்த டேப்பில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் தலையும் இருக்கிறது. நாலு பக்கமும் எடுத்த படம், மூடாத தலை, கூடவே முகம். அது வெளியே போனால் அதோடு என் மாடிப்படிக்கு வேலை இல்லை. கடை போவதைவிட, அந்தப் பெண்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் பெரிய கவலை.

ஸ்டேஷனிலிருந்து வந்த எஸ்.ஐ. பிரமிளாவைப் பார்த்ததும் பிலோமினா என் கையைக் கிள்ளினாள். கிள்ளத் தேவையில்லை. மூன்று வருஷமாக மாடிக்கு வருகிறார். கூட ரெண்டு கான்ஸ்டபிள் நின்றதால் இருவரும் முன்பின் தெரியாதவர்களாகப் பேசினோம்.

“கடை ஓனர் யாரும்மா?”

“நான்தான் மேடம். மங்கையர்க்கரசி.”

“என்னென்ன போயிருக்கு?”

சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் டேப் என்றதும் பேனாவை நிறுத்தினார். முகம் மாறவில்லை. போலீஸ் பயிற்சி.

“அதுல என்ன இருந்துச்சு?”

“கணக்கு வழக்குதான் மேடம். பூட்டு போட்டிருக்கேன், நம்பர் போடாமத் திறக்காது.”

“எட்டு விக்கும் விற்பனைக்கு உள்ளதா?”

“ஏழு மேடம். ஒண்ணு சாம்பிள்.”

அவர் என் நெற்றியை ஒரு நொடி பார்த்துவிட்டு எழுதினார். போகும்போது எல்லோர் காதிலும் விழும்படி, “மொதல்ல கேமரா போடுங்க,” என்றார்.

ஜூன் 4, புதன்

ஷட்டருக்கு நடுப்பூட்டு, உள்ளே குறுக்குக் கம்பி, மாடிக் கதவுக்கு இரும்பு. வெல்டிங்காரர் மதியத்துக்குள் முடித்துவிட்டார். கேமரா தம்பி மூன்று கேமராவோடு வந்தான்.

“தெருவுக்கு ஒண்ணு, ஷட்டருக்கு ஒண்ணு, மாடிப்படிக்கு ஒண்ணு. காம்போ ஆஃபர்க்கா.”

“படிக்கு வேண்டாம்.”

“திருடன் அதுலதானக்கா ஏறுனான்?”

“அவன் ஒரு நாள் ஏறுனான். மத்தவங்க தெனம் ஏறுறாங்க.”

அவனுக்குப் புரியவில்லை, புரிய வைக்கவும் இல்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். சோதனைக்கு என்று அவன் போனில் ஏற்றியிருந்த என் கடைப் படத்தை என் கண் முன்னால் அழிக்க வைத்தேன். “நீங்க எந்தக் காலேஜ்க்கா?” என்றான். பஸ் ஸ்டாண்டு என்றேன்.

சாயங்காலம் மனோகர் போன் செய்தான். ஊர் ஊராகப் போய் முடி வாங்கி மொத்தமாகப் போடுகிறவன். நைலான் கலந்து கொடுத்தான் என்று போன வருஷம் நிறுத்திவிட்டேன். “கேள்விப்பட்டேன்க்கா, மனசு தாங்கல. சரக்குக்கு யோசிக்காதீங்க, நான் இருக்கேன்,” என்றான். நல்ல மனசு என்று பிலோமினா சொன்னாள். போன வருஷ நைலானை அவளுக்கு நினைவுபடுத்தினேன்.

ஜூன் 5, வியாழன்

நடுப்பூட்டுச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, என் கடைக்கு நானே வெளியே நின்றேன்.

ஜூன் 6, வெள்ளி

யாராவது போன் செய்து படம் இருக்கிறது, பணம் கொடு என்று மிரட்டினால் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து அழக்கூடாது. அதனால் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொருத்தருக்கும் போன் செய்தால் வீட்டில் வேறு யாராவது எடுப்பார்கள். வாட்ஸ்அப்பே பத்திரம் என்று பட்டது.

என் போனில் யார் பெயரும் உண்மைப் பெயரில் இல்லை. முத்து வளையல், கண்ணாடி வளையல், கல் வளையல், கெட்டி வளையல் என்றுதான் பதிந்திருக்கிறேன். எஸ்.ஐ. காக்கி வளையல். போனைத் திருடினால்கூட ஒருவனுக்கும் ஒன்றும் புரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

எல்லா வளையலையும் ஒரு குரூப்பில் போட்டேன். “கடையில் திருட்டு. மாடி அறை டேப் போய்விட்டது. பூட்டு போட்டிருக்கிறது, பயப்பட வேண்டாம். யாராவது மிரட்டினால் உடனே எனக்குச் சொல்லவும். அரசி.” அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். வெண்டைக்காய் மோர்க்குழம்பு.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் போன் அதிர்ந்தபடி இருந்தது. ஒரு வளையல் வெளியேறினார். இன்னொரு வளையல் வெளியேறினார். அப்போதுதான் உறைத்தது. வளையல் என்ற பெயர் என் போனில் மட்டும்தான். அவர்கள் போனில் அடுத்தவர் நம்பர் தெரியும், வைத்திருக்கிற போட்டோ தெரியும். புருஷனோடு சிரிக்கிற போட்டோ, பேரக் குழந்தையோடு இருக்கிற போட்டோ. காக்கி வளையல் தொப்பியும் பெல்ட்டுமாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

குரூப்பை எப்படிக் கலைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிலோமினாவுக்கும் தெரியவில்லை. நாங்கள் கண்டுபிடித்தபோது எல்லோரும் எல்லோரையும் பார்த்து முடித்திருந்தார்கள்.

ஜூன் 7, சனி

மாடிக்கு ஒருவரும் வரவில்லை. போனில் வந்தார்கள். ஒரு டீச்சர், “எங்க ஸ்கூல்ல படிக்கிற பொண்ணோட அம்மா இருக்காங்க அந்த குரூப்ல. திங்கக்கிழமை மீட்டிங். நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருவேன்?” என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். வியாபாரத்தில் நான் அதிகம் பழகாத வார்த்தை.

கீழே கிளிப் வியாபாரம் வழக்கம்போல. கேமரா நன்றாக ஓடுகிறது. தெருவில் ஒரு மாடு போவதுகூடத் தெளிவாகத் தெரிகிறது.

ஜூன் 8, ஞாயிறு

வெளியே போகவில்லை. அலசுகிற நாள். காய ஒரு பகல் முழுக்க வேண்டும். எதிர் வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைக்க வந்தார்கள். உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்து, ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டேன். மாற்றுக்கு வைத்திருந்தது திருட்டில் போய்விட்டதால் இப்படி.

ஜூன் 9, திங்கள்

உறையூரிலிருந்து வேதவல்லியம்மா வந்தார். கேமராவைப் பார்த்தும் நிற்காமல் படியேறினார். பின்னாலேயே அவர் மருமகள் ஹேமா. இரண்டு பேருமே என் வாடிக்கையாளர்கள். ஒரே வீடு, ஒரே சமையலறை. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. இவர் வந்தால் அவர் வராத நாளாகப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் நான் தவறியதே இல்லை, வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

“கேட்டீங்களா அரசி, ரெண்டு வருசமா பீரோ மேல ஒரு டப்பா. என்னடின்னு கேட்டா பட்டு ஜாக்கெட்டுங்கறா.”

“நீங்க மட்டும் என்னத்த, வெள்ளிக்கிழமையானா ரூம சாத்திக்கிட்டு சகஸ்ரநாமம் சொல்றேன்னீங்க. நானும் ஹால்ல டிவி சத்தத்தக் கொறச்சிட்டு உக்காந்திருப்பேன்.”

“சொல்லிக்கிட்டேதான் சீவுனேன்.”

ஹேமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அந்த அம்மாவுக்கும். பிலோமினா டீ போடப் போனாள்.

ஹேமாதான் சொன்னாள்: “குரூப்ல அத்த நம்பரப் பாத்ததும் எனக்கு வேர்த்துப் போச்சு. கடையில எதுக்குப் போன் நம்பர் குடுத்தீங்கன்னு கேட்டேன். நீ எதுக்குக் குடுத்தியோ அதுக்குத்தான்னாங்க.”

இனிமேல் ஒரே டப்பா போதும், அடைசல் குறையும் என்று வேதவல்லியம்மா சொன்னார். ஆனால் புதிதாக அளவு கொடுக்க இரண்டு பேருமே தயாராக இல்லை. “அந்த டேப்பு கெடைக்கட்டும், பாப்போம்,” என்றார். சிரித்த வாய்தான், ஆனாலும் உறுதியாகச் சொன்னார்.

ஜூன் 11, புதன்

எஸ்.ஐ. விசாரணைக்கு என்று வந்தார். கான்ஸ்டபிளைக் கீழே நிறுத்திவிட்டு மாடிக்கு வந்ததும் குரல் மாறியது.

“ஏங்க்கா, திருடன் பண்ணாதத நீங்க பண்ணிட்டீங்களே.”

“தெரியாமப் பண்ணிட்டேன் மேடம்.”

“ஒரு நெலத் தகராறுல பெட்டிஷன் குடுத்த அம்மா. நேத்து ஸ்டேஷனுக்கு வந்து என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. சும்மா சிரிப்பு இல்ல. எனக்குத் தொப்பியக் கழட்டவே கை வரல.”

“அவங்களும் நம்ம கடையில…”

“தெரியுது. அதான் ரெண்டு பேரும் வெளிய சொல்ல முடியாம நிக்கிறோம்.”

யார் மேல் சந்தேகம் என்று கேட்டார். மனோகர் என்று வாய் வரை வந்தது, மாடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த வியாபாரி அவன்தான். ஆதாரம் இல்லாமல் ஒருவன் பெயரை ஸ்டேஷனில் சொல்வது சரியில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். “நான் எத்தன நாள் பொறுக்கணும்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். கடைக்கு வந்ததற்கு அடையாளமாகக் கீழே ஒரு பாக்கெட் ஹேர்பின் வாங்கினார். காசு வேண்டாம் என்றேன். கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 14, சனி

மனோகர் நேரில் வந்தான். கையில் மஞ்சள் பை. “இருவது இன்ச் சரக்குக்கா. ஒரு கொத்து சாம்பிளுக்குக் கொண்டாந்திருக்கேன். இந்த நெலமையில உங்களுக்குன்னு கொறச்சுப் போட்டுத் தரேன்.”

முடியை வாங்கி விரலில் ஓட்டிப் பார்த்தேன். வேர் எல்லாம் ஒரே பக்கம், சிக்கு இல்லை. இவன் கொண்டுவருகிற சரக்கு எந்தக் காலத்திலும் இந்த அழகில் இருந்ததில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். ஷாம்பூ போட்டு அலசியிருக்கிறான், பாவம், உழைத்திருக்கிறான். கொத்தை உதறினேன். நடுவிலிருந்து ஒரு கிராம்பு மேஜையில் விழுந்தது.

பூச்சி வராமலிருக்க மற்றவர்கள் ரசகற்பூரம் போடுவார்கள். அந்த வாசம் தலைக்கு ஏறும் என்று நான் போடுவதில்லை. முடிக்குள் கிராம்பு செருகுகிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். நான் கட்டியிருந்த நூலை அவிழ்த்திருக்கிறான், கிராம்பைத் தேடவில்லை.

அதைக் கையால் மூடிக்கொண்டு பேரம் பேசினேன். அவன் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். சும்மா சரி என்றால் சந்தேகப்படுவான். அதோடு என் சரக்கை எனக்கே விற்கிறவனிடம் குறைக்காமல் எப்படி இருப்பது? அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். “ரொம்பக் கறார்க்கா நீங்க,” என்றான். படிந்தது. திங்கட்கிழமை மூட்டையோடு வரச் சொன்னேன். வாசலில் நின்று கேமராவைப் பார்த்து, “நல்லதுக்கா, சேஃப்டி முக்கியம்,” என்றான்.

அவன் தெருமுனை தாண்டியதும் காக்கி வளையலுக்குப் போன் போட்டேன். இந்த முறை தனியாக.

ஜூன் 16, திங்கள்

பிடித்துவிட்டார்கள். இரண்டு மூட்டையையும் மேஜை மேல் வைத்து அவிழ்த்துக்கொண்டிருந்தபோதே எஸ்.ஐ. உள்ளே வந்தார். மனோகர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட விலை போச்சே என்கிற வருத்தம்தான் அதிகம்.

டேப்பை ஒரு செகண்ட்ஹேண்ட் மொபைல் கடையில் தள்ளியிருக்கிறான். சாயங்காலத்துக்குள் அதையும் எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் எஸ்.ஐ. என் முன்னால் திறந்து காட்டினார். வெறும் டேப். வாங்கினவன் பூட்டைத் திறக்க முடியாமல் அன்றைக்கே மொத்தத்தையும் துடைத்து, புதுசு போல ஆக்கி வைத்திருக்கிறான்.

“ஒரு படத்தக்கூட யாரும் பாக்கல,” என்றார்.

நிம்மதிதான். ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். உடைத்தவன் ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாங்கினவனும் பார்க்கவில்லை. காட்டினது நான்.

அவன் வீட்டில் கிடைத்த விக் எட்டையும் அடையாளம் பார்க்கச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். சாமான்களைக் கோர்ட்டில் மனு போட்டுத்தான் வாங்க வேண்டுமாம்.

“சாம்பிளா?” என்றார் எஸ்.ஐ.

“ஆமா மேடம்.”

ஜூன் 19, வியாழன்

படம் எதுவும் வெளியே போகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். நீல டிக் எல்லோரிடமிருந்தும் வந்தது. பதில் சிலரிடமிருந்துதான்.

அளவு எல்லாம் அழிந்துவிட்டதால் பழைய வாடிக்கையாளர்களும் மறுபடி வந்து தலையைக் காட்டினால்தான் வேலை. பிலோமினா கையிலிருந்த வேலை தீர்ந்துவிட்டது. கீழே உட்கார்ந்து ரிப்பன் சுற்றுகிறாள்.

“கூப்ட்டா வருவாங்கக்கா.”

“கூப்ட்டாச்சு.”

“வெலையக் கொறைச்சா?”

விலை ஒரு காரணமே இல்லை என்று எனக்குத் தெரியும். விலைக்காக யாரும் என்னிடம் வந்ததில்லை.

ஜூன் 23, திங்கள்

டீச்சர் கீழே வரை வந்து, ஒரு கிளிப் வாங்கி, படியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 27, வெள்ளி

மதியம், கடை காலியாக இருக்கிற நேரம், எஸ்.ஐ. சேலையில் வந்தார். கூட யாரும் இல்லை. நேரே மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய பழையது ஓரத்தில் கிழிந்துவிட்டதாம். அடுத்த மாதம் அக்கா மகள் கல்யாணம், குடும்பம் மொத்தமும் இருக்கும், புதுசு வேண்டும்.

அளவு நாடாவை எடுத்தேன். அவர் கழற்றவில்லை.

“போட்டோ?”

“இனிமே யாருக்கும் கெடையாது மேடம். நெத்திக் கோட்ட பேப்பர்ல வரைஞ்சுக்குவேன். அந்தப் பேப்பரும் உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவ கொண்டாங்க.”

“பேரு?”

“எழுதல.”

“குரூப்பு?”

“போன்லேருந்து வாட்ஸ்அப்பையே எடுத்துட்டேன்.”

பிலோமினா பின்னால் நின்று தலையாட்டினாள். எஸ்.ஐ. அப்போதும் கழற்றவில்லை.

“பூட்டு நல்லாப் போட்டுருக்கீங்க, கேமரா நல்லா இருக்கு, இதுவும் நல்லா இருக்கு. ஆனா மறுபடி நீங்க ஏதாச்சும் தெரியாமப் பண்ணுனா போறது என் மானம். உங்களுக்கு என்ன போகுது?”

“எனக்குக் கடை போகும்ல.”

“கடை போனா இன்னொரு கடை போடுவீங்க. உங்களத் தெரியாதா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, மூணு வருசமாப் பாக்குறேன். வேர்த்தா எல்லாருக்கும் முடியோரம் நனையும். உங்களுக்கு நனையாது. போலீஸ்காரிகிட்ட சாம்பிள்ங்கறீங்க.”

பிலோமினாவுக்குக் கீழே திடீரென்று ஏதோ வேலை நினைவு வந்து இறங்கிப் போனாள். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் எத்தனையோ பேர் உட்கார்ந்து கழற்றியிருக்கிறார்கள். கூச்சப்படாதீங்கம்மா, நம்ம கடைதானே என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். நின்றுகொண்டே சொல்வது சுலபம்.

“மொதல்ல நீங்க,” என்றார் எஸ்.ஐ.

எனக்குப் பேரம் பேசத் தெரியும். இதில் எங்கே பிடித்துக் குறைப்பது என்று தெரியவில்லை. மாடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து எதிர் முக்காலியில் உட்கார்ந்தேன்.

வெறும் தலையில் காற்று பட்டது ஜில்லென்று இருந்தது. எஸ்.ஐ. கொஞ்ச நேரம் பார்த்தார். “காய்ச்சலா?” என்றார். “டைபாய்டு,” என்றேன். பிறகு அவரும் கழற்றினார். அளவெடுக்கிற வரைக்கும் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். பந்திக்கு எத்தனை வகை இனிப்பு என்பதில் அவருக்கும் அவர் அக்காவுக்கும் சண்டையாம்.

போகும்போது, “அந்த பெட்டிஷன் அம்மாவையும் டீச்சரையும் நான் வரச் சொல்றேன். ஆனா அவங்களுக்கும் இதே கண்டிஷன்தான்,” என்றார். வேதவல்லியம்மாவுக்கும் ஹேமாவுக்கும் நானே போன் செய்தேன். நாளைக்கு வருகிறார்கள்.

பேசி முடித்தது: படம் இல்லை, பெயர் இல்லை. அளவுத் தாள் அவரவர் கையில். தொலைத்தால் மறு அளவுக்கு முன்னூறு ரூபாய். விக் பழைய விலை பதினெட்டாயிரம், பாதி முன்பணம், எஸ்.ஐ.க்கும் அதேதான். யார் வந்தாலும் முதலில் நான் கழற்ற வேண்டும்.